‘முடுக்கு’க்கும் ‘பைய’வுக்கும் நடுவே

திருப்பூரில் வசவுக்குக்கூட ஒரு ‘ங்க’ உண்டு. வந்து இத்தனை வருஷமாகியும் அது மட்டும் எனக்குப் பழகவில்லை. இன்று காலை நாற்சந்தியில் என் வண்டி நின்றுபோய், கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த டெம்போக்காரர் ஹாரனை அமுக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டி, “ஏனுங்க, ரோடு உங்க அப்பன் ஊட்டுதுங்களா?” என்று கேட்டார். அப்பனை இழுத்த அதே வாய் அடுத்த சொல்லில் மரியாதையும் கொடுத்துவிட்டது. நம் சாத்தான்குளம் பக்கமாக இருந்தால் “ஏல, கண்ணு அவிஞ்சா போச்சு?” என்பதோடு சோலி முடிந்திருக்கும். நாமும் பதிலுக்கு ஒன்று சொல்லிவிட்டு மறந்திருப்போம். இங்கே கிடைத்தது திட்டா உபசாரமா என்று புரியாமல் சிரித்துவைக்க வேண்டியிருக்கிறது. நானும் சிரித்தேன்.

இங்கே வேலைக்கு வர நினைக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் கடிதம் எழுதிக் கேட்கிறார்கள். அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, தண்ணீர் எப்படி, ஆட்கள் எப்படி என்று. அதெல்லாம் ஒத்துக்கொள்ளும் தம்பிகளே. ஒத்துக்கொள்ளாத ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எனக்கு மோட்டார் சைக்கிள் என்றால் பயம். கௌரவத்துக்காகக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆறு வருஷமாக அந்த வண்டியில்தான் என் பிழைப்பு ஓடுகிறது என்பதும் உண்மை.

நான் சைக்கிள் பழகியது நம் தேரியில். அங்கே செம்மணலைத் தவிர வேறென்ன இருக்கிறது? விழுந்தால் எழுந்து இடுப்புச் சாரத்தை உதறினால் போதும். மணலில் சக்கரம் புதையுமே தவிர ஓடாது. அதனால் முப்பது வயதுவரை வேகம் என்றால் என்னவென்று என் உடம்புக்குத் தெரியாது. திருப்பூரில் பஸ்ஸைவிட்டு இறங்கிய முதல் நாளே ஒருவன் தார் ரோட்டில் வண்டியோடு சறுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். முழங்கையில் தோலே இல்லை. சுற்றிக் கூடினவர்களிடம் “ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டு, அதே கையால் வண்டியைத் தூக்கி உதைத்துக் கிளம்பிவிட்டான். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ராயபுரத்தில் ஓர் அறையில் ஏழு பேர் தங்கியிருந்தோம். பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை மேசையில் விரித்து ஓட்டை, கறை பார்த்து ஒதுக்க வேண்டும். நின்ற இடத்தில் செய்கிற வேலை, கீழே விழ வழியில்லை. அப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் மொதலாளி கூப்பிட்டு, “அண்ணாச்சி, பாலோஅப் பாத்துக்கறீங்களா?” என்று கேட்டார். தெற்கத்தி ஆள் யாராக இருந்தாலும் இங்கே அண்ணாச்சிதான்.

ஒரு பனியன் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. நெய்வது ஓரிடம், சலவை ஓரிடம், சாயம் வேறோரிடம். அத்தனைக்கும் பின்னால் ஓடி “ஆச்சா, ஆச்சா” என்று நச்சரிக்கிற ஆள்தான் பாலோஅப். அந்த ஆளுக்குக் கம்பெனியின் லைன் வீட்டில் ஒரு வீடும் உண்டு. வரிசையாகப் பத்து வீடு, பொதுவாக ஒரு குழாய். அந்த வீடு என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. என் மனைவி எஸ்தரும் ஒரு வயதுப் பிள்ளையும் ஊரில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நான் போனபோது பிள்ளை என்னைக் கண்டு வீரிட்டு அழுதாள். மூன்றாம் நாள்தான் என் விரலைப் பிடித்தாள். நான்காம் நாள் எனக்கு பஸ்.

“வண்டி ஓட்டுவீங்கல்ல?” என்றார் மொதலாளி.

“பழகிக்கிடுதேன்” என்றேன்.

“பத்து நாள்ல இப்ப இருக்கற ஆளு நின்னுக்கறாருங்க. அதுக்குள்ள பழகிக்குங்க. இல்லீன்னா வேற ஆளத்தான் பாக்கோணும். ஊடும் அவருக்குத்தானுங்க.”

பழக்கிக்கொடுக்க வந்தவன் ஈஸ்வரன். தாராபுரத்துக்காரன், நிட்டிங் மெஷின் ஃபிட்டர், என்னைவிட இரண்டு வயது இளையவன். கோபம் என்றால் என்னவென்றே தெரியாதவன், அதுவே எனக்கு எரிச்சல். ஊருக்கு வெளியே ஒரு காலி இடத்துக்கு விடிந்ததும் போவோம். கிளட்சை விட்டதும் வண்டி குதித்து நிற்கும். மறுபடி உதை, மறுபடி குதி. “மொள்ளமா உடுங்க அண்ணாச்சி, வண்டி ஒண்ணும் பண்ணாதுங்க” என்பான். “வண்டி பண்ணாதுய்யா, நான்தான் ஏதாவது பண்ணித் தொலைப்பேன்” என்பேன். ஒவ்வொரு நாளும் புறப்படும் முன் இரண்டு தடவை கக்கூஸுக்குப் போய்வர வேண்டியிருந்தது. அறையில் இருந்தவர்கள் இதற்கு ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அதை இங்கே எழுத முடியாது.

நாலாம் நாள் இரண்டாம் கியரில் வண்டி கொஞ்சம் வேகமெடுத்தது. என்னையறியாமல் “பைய, பைய, பைய” என்று கத்திவிட்டேன். ஈஸ்வரன் பின்னாலிருந்து எட்டிக் கீயைத் திருப்பி வண்டியை நிறுத்தினான். இறங்கி வந்த வழியே நடந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே ரொம்ப தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, “எந்தப் பைங்க அண்ணாச்சி? காணமுங்களே” என்றான். நம் பக்கத்தில் பைய என்றால் மெதுவாக என்று விளக்கினேன். இங்கே மெதுவாக என்றால் மொள்ளமாக. பைய என்றால் யாரோ கையிலிருந்த பையைக் கேட்கிறார்கள் என்றுதான் அர்த்தம். இரண்டு பேரும் சிரித்தோம். என் சொல்லுக்கு இந்த ஊரில் வேறு பொருள் இருக்கிறது என்று தெரிந்ததும் அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பத்தாம் நாள் தாராபுரம் ரோட்டுக்கு ஏற்றிவிட்டான். முன்னால் ஒரு மாட்டுவண்டி, பின்னால் ஒரு லாரி. லாரியின் ஹாரன் முதுகுத்தண்டில் இறங்கியது. மாட்டுவண்டியைத் தாண்டி முன்னேறினால் தப்பிக்கலாம் என்பது ஈஸ்வரனுக்குத் தெரிந்தது. அவன் என் காதருகே, “முடுக்குங்க அண்ணாச்சி! முடுக்குங்க!” என்று கத்தினான்.

நம் ஊரில் முடுக்கு என்றால் இரண்டு வீட்டுக்கு நடுவே போகிற சின்னச் சந்து. இங்கே முடுக்கு என்றால் விரட்டு, வேகமெடு. திருகுவதை நாமும் முடுக்குவது என்போம், எனக்குத் தெரியாததில்லை. ஆனால் பத்து நாளாக ஈஸ்வரன் என் முதுகுக்குப் பின்னாலிருந்து “பள்ளமுங்க, நாயிங்க, பஸ்ஸுங்க” என்று எதிர்ப்பட்டதற்கெல்லாம் ‘ங்க’ போட்டு எச்சரித்துக்கொண்டே வந்திருந்தான். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துவிட்டேன். முடுக்குங்க, அதாவது சந்து இருக்கிறது, உள்ளே போய் ஒதுங்குங்கள். ஆண்டவர் வழிகாட்டிவிட்டார் என்று இடது பக்கம் பார்த்தேன். இரண்டு காம்பவுண்டுச் சுவருக்கு நடுவே ஓர் இடைவெளி தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு திருப்பிவிட்டேன்.

அது ஒரு சலவைப் பட்டறையின் களம். வெளுத்த பனியன் துணி கொடிகொடியாகக் காய்ந்துகொண்டிருந்தது. முதல் கொடி நெஞ்சில் பட்டது, இரண்டாவது கழுத்தில் சுற்றியது. அப்புறம் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. செத்துப்போய் மோட்சத்துக்கு வந்துவிட்டேன் என்றே நினைத்தேன், பொய் சொல்லவில்லை. எஸ்தரிடம் யார் போய்ச் சொல்வார்கள் என்று கவலையும் வந்தது. ஈரத்துணிக்கு வெளியே ஒரு குரல் கேட்டது: “ஏனுங்க, அறிவு இருக்குதுங்களா உங்களுக்கு?” மோட்சத்தில் இப்படிக் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் அழுகை வந்தது.

எனக்குச் சிராய்ப்பு, ஈஸ்வரனுக்குக் கணுக்காலில் வீக்கம். துணியெல்லாம் செம்மண்ணும் ஆயிலும். அது எங்கள் கம்பெனித் துணியேதான். மறுநாள் காலையில் மொதலாளியின் முன்னால் நின்றேன். ஈஸ்வரன் நொண்டிக்கொண்டே வந்து, “என்ற தப்புங்க. நான் முடுக்கச் சொன்னேன், அண்ணாச்சி முடுக்குக்குள்ள போயிட்டாருங்க” என்றான். யாருக்கும் புரியவில்லை. மொதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “சேரி உடுங்க. நாளைக்கு ஷேடு துணிய டையிங்ல காட்டிட்டுத் தனியா வாங்க பாக்கலாம். ஆகலீன்னா செக்கிங்லயே இருந்துக்குங்க” என்றார்.

அன்று மத்தியானம் எஸ்தரின் இன்லாண்டு கடிதம் வந்தது. பிள்ளை நடக்கிறாள், யார் வீட்டு ஆம்பளையைக் கண்டாலும் அப்பா என்று ஓடுகிறாள் என்று எழுதியிருந்தாள். நான் ரசித்துச் சிரிப்பேன் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பாள்.

மறுநாள் ஷேடு துணியை, அதாவது சாயத்தின் நிறம் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கிற துண்டுகளை, டையிங் என்கிற சாயப்பட்டறையில் காட்டுவதற்காக ஒரு ரெக்சின் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டாம் கியரைத் தாண்டி நான் போகவில்லை. நாற்சந்தி வந்தால் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொண்டேன். சைக்கிளில் போன பெண்கள் என்னை முந்திப் போனார்கள். நொய்யல் பாலத்தில் இறங்கவும் இடமில்லை, பின்னால் பஸ் உறுமிக்கொண்டு வந்தது. கீழே ஆற்றில் சாயத்தண்ணீர் நீலமாக ஓடியது. விழுந்தால் பிணம் நீலமாகத்தான் கிடைக்கும் என்று நினைத்தேன். மனப்பாடமான ஜெபம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. “பைய, பைய” என்பது மட்டும்தான் வந்தது. கை மரத்துப்போய், சட்டை முதுகில் ஒட்டி, கம்பெனிக்குத் திரும்பும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

மொதலாளி வாசலிலேயே நின்றார். “ஏனுங்க அண்ணாச்சி, டையிங்குக்குப் போயிட்டு வர இத்தன நேரமுங்களா?”

பொய் சொல்லத் தெம்பில்லை. “பையப் பாத்து வந்தேன் மொதலாளி” என்றேன். மெதுவாக, பார்த்துப் பார்த்து வந்தேன் என்று என் கோழைத்தனத்தை ஒப்புக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நடுக்கத்தை மறைக்க நான் நெஞ்சோடு இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்த ரெக்சின் பையைப் பார்த்தார். அவர் முகம் மாறிப்போயிற்று. “போன ஆளு ரெண்டு தடவ ஷேடுப் பைய ரோட்டுல உட்டுப்போட்டு வந்தவருங்க. நீங்க பையப் பாத்து வந்திருக்கறீங்க. அதானுங்க வேணும். நேரம் போனாப் போகுது” என்றார். பிறகு உள்ளே திரும்பி, “அண்ணாச்சிக்கு லைன் ஊட்டுச் சாவியக் குடுங்க” என்றார்.

திருத்தியிருக்கலாம். நான் பையைச் சொல்லவில்லை மொதலாளி, பயத்தைச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். சாவியை வாங்கிக்கொண்டேன். ஈஸ்வரனுக்கு மட்டும் புரிந்தது. வீங்கின காலைத் தூக்கிக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தான்.

எஸ்தரும் பிள்ளையும் வந்தார்கள். குழாயடியில் முதல் மாதம் எஸ்தர் பேசினால் சிரித்தார்கள். இரண்டு வருஷத்தில் அவளும் மாறிவிட்டாள், இப்போது வீட்டுக்குள்ளேயும் “மொள்ளமா” என்கிறாள். ரொம்பப் பயந்தால்தான் சாத்தான்குளம் வெளியே வரும். மகள் முழுக்க இந்த ஊர்க்காரி. போன கிறிஸ்துமஸுக்குத் தேரிக்குக் கூட்டிப்போனேன். விழுந்தாலும் வலிக்காத மண், ஓடு என்று இறக்கிவிட்டேன். நாலடி வைத்ததும் நின்று, “காலு உள்ள போகுதுங்கப்பா, பயமா இருக்குதுங்க” என்று அழ ஆரம்பித்தாள். தூக்கிக்கொண்டு தார் ரோட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை நின்றது. நான் பயப்படாத ஒரே தரையில் அவள் பயந்ததை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இரண்டு பேரையும் சேர்த்து வண்டியில் ஏற்ற எனக்கு இத்தனை நாள் தைரியம் வரவில்லை. கோயிலுக்கு டவுன் பஸ்ஸில்தான் போவோம். போன ஞாயிறு பஸ் வரவில்லை, ஆராதனைக்கு மணி அடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் மகளை முன்னால் டேங்கின்மேல் உட்காரவைத்தேன், எஸ்தர் பின்னால். நொய்யல் பாலத்தில் ஏறும்போது பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. “முடுக்குங்கப்பா! முடுக்குங்க!” என்று மகள் குதித்தாள். எஸ்தர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, “பைய! பைய!” என்று கத்தினாள். என் வலது கை இரண்டுக்கும் நடுவே ஆக்ஸிலேட்டரைத் திருகுவதும் விடுவதுமாக இருந்தது. எப்படியோ பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். மகள் டேங்கிலிருந்து குதித்திறங்கி, “எந்தப் பைங்கம்மா?” என்று கேட்டுவிட்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்து விழாத பையைத் தேடினாள்.