சகலை வீட்டு டிரம்

பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே மதில் ஓரம் போய் எம்பிப் பார்க்கிறார் பேயாண்டி. அந்தப் பக்கம் சகலை பால்பாண்டியின் கோபர் கேஸ் தொட்டி. கரைத்த சாணியிலிருந்து கேஸ் சேரச் சேர, அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம் மேலெழும்பும். இன்றைக்கும் அது மதிலைத் தாண்டி ஒரு முழம் நிற்கிறது. பேயாண்டி நுரையைத் துப்பிவிட்டுத் தன் டிரம்மைப் பார்க்கிறார். அது இடுப்பளவுகூட இல்லை.

சமயநல்லூரில் அவருக்கு எட்டு மாடுகள். பால்பாண்டிக்கு மூன்று, அதில் ஒன்று கிழடு. அக்கா தங்கையைக் கட்டியவர்கள். இரண்டு தொட்டியையும் கட்டியது ஒரே கொத்தனார். ஆனாலும் பேயாண்டி வீட்டு அடுப்பு காலைச் சமையலோடு அணைந்துவிடும். அங்கே பொழுதுக்கும் எரியும். ஐம்பத்திரண்டு வயதில் மனிதருக்கு வேறு குறையில்லை, பொறாமை ஒன்றுதான். அதை அவர் மறைப்பதும் இல்லை. "மூணு மாடு அம்புட்டுச் சாணி போடுமாக்கும்? காத்தடிச்சு நிப்பாட்டி வச்சிருக்கான்" என்று டீக்கடையில் உரக்கவே சொல்வார்.

இதில் ரகசியம் எதுவுமில்லை. பாலைத் திரித்துப் பன்னீர் எடுத்தபின் மிஞ்சும் மஞ்சள் நிறத் தண்ணீரை, சாலையோரக் கம்பெனியிலிருந்து பால்பாண்டி பட்டப்பகலில் கேனில் கொண்டுவருகிறார். சாணியோடு அந்தக் கழிவையும் சேர்த்தால் கேஸ் கூடும். எவ்வளவு சேர்ப்பது என்று கேட்டால் சொல்லியிருப்பார். கேட்கத்தான் பேயாண்டிக்கு வாய் வரவில்லை.

"அவன் ஒரு கேன் ஊத்துனா நான் பத்து ஊத்துறேன்" என்று அன்றைக்கே மனைவி இருளாயியிடம் சவால் விட்டார். ஒரே நாளில் ஊற்றியும் விட்டார். டிரம் கிடுகிடுவென்று உயர்ந்தது. ஆளைக் கூட்டி வந்து காட்டினார். ஆனால் அடுப்பில் தீக்குச்சி வைத்தால் பற்றவில்லை. தொட்டி புளித்து, எரியாத காற்றாகவே சேர்ந்திருந்தது.

சிலிண்டரை வீறாப்பில் எப்போதோ திருப்பிக் கொடுத்தாயிற்று. இருளாயி அரிசியும் பானையுமாகத் தங்கை வீட்டுக்கு நடந்தார். சகலை வீட்டு நெருப்பில் வெந்த சோறு பேயாண்டிக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் இருளாயி, "இப்படியே போனா நான் அங்கனயே இருந்துக்கிறேன், நீங்க டிரம்மைப் பாத்துக்கிட்டு இருங்க" என்றார்.

மறுநாள் பேயாண்டி வாளியோடு பால்பாண்டியின் வாசலில் நின்றார். "சகலை..." என்று இழுத்து, வாளியைக் கீழே வைத்தார்.

"மொத்தமா ஊத்திப்புட்டீகளாண்ணே? பத்து வாளி சாணிக் கரைசலுக்கு ஒரு வாளிதான். அதையும் கொஞ்சங்கொஞ்சமாப் பழக்கணும். என் தொட்டிக் கரைசல எம்புட்டு வேணுமோ அள்ளி உங்க தொட்டியில ஊத்திக்கங்க. தயிருக்கு உறை ஊத்துற மாதிரித்தான், சரியாயிரும்."

இருபது வாளியைப் பால்பாண்டியே சுமந்து வந்து ஊற்றினார். அந்தத் தாராளம்தான் பேயாண்டிக்குப் பொறுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

பதினாறாம் நாள் அடுப்பு நீலமாய்ப் பற்றியது. இருளாயி முதல் டீயைப் போட்டு, "தங்கச்சி மாப்ளைக்குக் குடுத்துட்டு வாங்க. அவுக புண்ணியத்துலதான் எரியுது" என்று தம்ளரை நீட்டினார்.

பேயாண்டி அதை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் பால்பாண்டியின் வாசல்வரை போனார். கதவு திறந்துதான் இருந்தது. அங்கேயே நின்று, ஊதி ஊதி, முழுவதையும் தானே குடித்தார்.