முறுக்கு டின்னில் ஓர் அம்ப்ளிஃபயர்

எங்கள் மருதமுனையில் கலியாணத்தில் நிக்காஹ் ஓதுவது எல்லோருக்கும் கேட்கும், மணப்பெண்ணைத் தவிர. ஆண்கள் முன்ஹாலில் கூடி ஓதுவார்கள். பெண் உள்ளறையில் தலைகுனிந்திருப்பாள். யாராவது ஓடிவந்து முடிந்துவிட்டது என்றால் பெண்கள் குரவையிடுவார்கள். என் ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, இது பொறுக்கவில்லை. தன் நிக்காஹைத் தன் காதாலேயே கேட்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

வாடகை ஒலிபெருக்கியில் சத்தம்தான் வரும், சொல் விளங்காது என்பது அவள் கட்சி. பள்ளியில் தொழில்நுட்பம் படித்தவள். கல்முனை பஸாரில் வாங்கிய ஐசி சிப்பும் பழைய டிவியின் ஸ்பீக்கருமாக அவளே அம்ப்ளிஃபயர் செய்யத் தொடங்கினாள். கனத்த ஒலியான பாஸுக்கு ஒரு திருகி, கூரிய ஒலியான ட்ரெபிளுக்கு ஒரு திருகி. பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டினால் ஆண்குரல் தெளியுமாம். எல்லாவற்றையும் அழகான பிளாஸ்டிக் பெட்டியில் அடக்கினாள்.

பரீட்சித்த அன்று பெட்டி ஊமென்று இரைந்தது. எந்தத் திருகியைத் திருப்பினாலும் இரைச்சல்தான். தறிச் சத்தத்தை மீறிக் கதைத்துப் பழகிய வாப்பாவே கத்த வேண்டியிருந்தது.

"நாலு மனிசர் வாற இடத்தில இது இரைஞ்சா எனக்குத்தான் வெக்கம். இரைச்சல் நிக்காட்டி இந்தப் பெட்டிய வெளிய எடுக்கப்படா!"

ராத்தா கம்பிகளை மாற்றி மாற்றிப் பற்றவைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் கண்கள் கலங்கியதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. உதவி செய்வதாக நினைத்து பாஸ் திருகியின் இரும்புத் தண்டைப் பிடித்தேன். இரைச்சல் இரண்டு மடங்கானது. உம்மா என் முதுகில் ஒன்று வைத்தார்.

"அடிக்காதீங்க உம்மா!" என்று ராத்தா துள்ளி எழுந்தாள். "புள்ள, இன்னொருக்காப் புடி. ம், உடு. திரும்பப் புடி!"

நான் பிடித்தால் கூடியது, விட்டால் குறைந்தது. திருகிகளின் இரும்பு உடலுக்கு எர்த் இல்லை, பிளாஸ்டிக்குக்குள் அவை அந்தரத்தில் நிற்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டாள். இரும்புப் பெட்டி வேண்டும். வீட்டில் இருந்த ஒரே நல்ல தகரம், கலியாண முறுக்கை உம்மா பூட்டாத குறையாகக் காவல் காத்த பெரிய பிஸ்கட் டின்.

"முறுக்கெல்லாம் காத்துப்பட்டுப் பழுதாப் போகுமே!" என்று உம்மா அலறினார். பழுதாகாமல் நான் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு தேவைப்படவில்லை.

தகரத்தோடு எர்த் கம்பியைச் சேர்த்ததும் இரைச்சல் அடங்கியது. முன்ஹாலில் வைத்த மைக்கில் சுவர்க்கடிகாரத்தின் டிக்டிக் உள்ளறைக்குக் கேட்டது. வாப்பா டின்னைச் சுற்றி வந்து பார்த்தார். தன் கையாலேயே ஜன்னல் வழியே வயரை இழுத்துக் கட்டினார்.

கலியாணத்தன்று உள்ளறை முழுக்கப் பெண்கள் மூச்சுவிடாமல் இருந்தார்கள். ராத்தா மருதோண்டிக் கையால் ட்ரெபிளை ஒரு நூல் கூட்டினாள். வாப்பாவின் குரல் வந்தது. மகளை மணமுடித்துத் தருகிறேன் என்று சொல்லத் தொடங்கினார். அப்படியொரு மெல்லிய குரல் அவரிடம் இருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது.

பாதியில் குரல் நின்றது. பெட்டியில் சின்ன இரைச்சல்கூட இல்லை. அம்ப்ளிஃபயர் செத்துவிட்டது என்று பதறி வயரை ஆட்டப் போனேன். ராத்தா என் கையைப் பிடித்தாள்.

"ஒண்டும் பழுதில்ல புள்ள. சும்மா இரி."

அவள் கன்னம் நனைந்திருந்தது. ஸ்பீக்கரில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு வாப்பா சொல்லி முடித்தார், மாப்பிள்ளை கபூல் என்று ஏற்றுக்கொண்டார். யாரும் ஓடிவந்து சொல்லாமலே எங்கள் பெண்கள் போட்ட குரவையில் வீடு அதிர்ந்தது. எங்கள் தெருவில் தன் நிக்காஹைத் தானே கேட்ட முதல் பெண் என் ராத்தா. அன்று முழுக்க அந்தப் பெருமையை நான்தான் வீடுவீடாகக் கொண்டுபோனேன்.

வாப்பாவிடமும் போய்ச் சொன்னேன். "நல்லாக் கேட்டிச்சு வாப்பா. நடுவில மட்டும் கொஞ்சம் நிண்டிச்சு."

"ஓம், மகள். வயர்ல ஏதும் பிழையாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ராத்தாவின் வயரில் ஒரு பிழையும் இல்லை என்று அவர் பின்னாலேயே போய்ச் சண்டை பிடித்தேன்.