அத்தான் குடித்த குளுக்கோஸ்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆட்களை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது, காலை வைத்துத்தான் தெரியும். இருபத்தாறு வருடமாக ஷூ கடையில் வேலை. தெருவில் போகிறவரைக் காட்டி, "எட்டரை. இடது கால் கொஞ்சம் அகலம்" என்பார். "அத்தான், எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனா முகத்தையும் கொஞ்சம் பாருங்க" என்று கிண்டல் செய்வேன். அப்போதெல்லாம் சிரிப்பார்.

அவருடைய அண்ணன் அதே வீட்டில் மாடி அறையில் இருந்தார். சர்க்கரைக்காரர், பாதத்தில் உணர்ச்சியே போய்விட்டது. அவருக்கு அத்தான் கடையிலிருந்து ஒரு ஜோடி ஷூ கொண்டுவந்தார். கண்ணளவே போதும் என்று அளவெடுக்கவில்லை. "சரியா இருக்காண்ணே?" "கச்சிதமா இருக்குடா." உணர்ச்சி இல்லாத காலுக்கு எதுவும் கச்சிதம்தான். நாலே நாளில் இடது குதிகாலில் புண். பிறகு காலையே எடுத்தார்கள். எட்டு மாதம் ஊன்றுகோலோடு நடமாடிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். "சர்க்கரை, என்ன பண்றது" என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அத்தான் அந்த ஷூவை அளந்து பார்த்தார். அரை சைஸ் இறுக்கம். அதைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் தானும் ஒரு சர்க்கரைக்காரர் மாதிரி வாயைக் கட்ட ஆரம்பித்தார். சோறு, ரொட்டி, கிழங்கு, பழம் எதுவும் கிடையாது. முட்டை, கறி, கீரை, அவ்வளவுதான். ஒரு வருடத்தில் ஆள் பாதியாகிவிட்டார். காலை ஆறு மணிக்கு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பவர் சட்டென்று கையை நிறுத்தி மாடிப்படியைப் பார்ப்பார். அண்ணன் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி இறங்கும் நேரம் அது. "கேட்டுச்சா?" என்பார். காலி அறையிலிருந்து என்ன கேட்கும்? ஆனால் போகப்போக அக்காவுக்கும் கேட்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு அந்த வீட்டுக்குள் கால் வைக்கவே பயம். பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும்.

"உங்களுக்கும் வந்துரும்னு பயந்துதானே இப்படிப் பட்டினி கிடக்கிறீங்க? டெஸ்ட் பண்ணிப் பார்த்துரலாம்" என்றேன். நான் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், பெரிய மேதாவி என்ற நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ் பாக்கெட்டும் மீட்டருமாகப் போய் நின்றேன். வெறும் வயிற்றில் 86. "பாத்தீங்களா!" என்று துள்ளினேன். தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததை முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். எழுந்து நடக்கக் கூடாது என்று நாற்காலியில் உட்கார வைத்தேன். மாடிப்படிக்கு எதிரே இரண்டு மணி நேரம். பாதியில் பார்த்தபோது 231. முடிவில் 209. நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டியது.

அக்கா அழுதாள். அத்தான் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு, "வந்துருச்சா" என்றார். ரொம்ப நாளாகக் காத்திருந்த விருந்தாளியைப் பற்றிக் கேட்பது போல இருந்தது. மத்தியானம் படுத்தவர் சாயங்காலம் வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். அவர் அப்படித் தூங்கி ஒரு வருடம் ஆயிற்று என்றாள் அக்கா. மறுநாள் காலை மாடிப்படியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "கேக்கலையா?" என்று அக்காவே கேட்டிருக்கிறாள். "நின்னு போச்சு" என்றாராம்.

எங்கள் கடைக்குப் பக்கத்து கிளினிக் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "ஒரு வருஷமா மாவுச்சத்தே சாப்பிடாதவருக்குத் திடீர்னு குளுக்கோஸைக் கொடுத்தா நம்பர் எகிறத்தாம்மா செய்யும். உடம்புக்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கும். மூணு நாள் சோறு, ரொட்டி எல்லாம் நல்லா சாப்பிடச் சொல்லிட்டு மறுபடி பாருங்க. டெஸ்ட்டுக்கு முன்னாடி அப்படித்தான் சாப்பிடணும். பாக்கெட்லயே போட்டிருக்குமே?" என்றார். போட்டிருந்தது. தினம் நாலு பாக்கெட் விற்கிறேன், ஒரு நாளும் படித்ததில்லை. என்னை நானே திட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அத்தான் அசையவில்லை. "வந்தது வந்ததாவே இருக்கட்டும், விடு."

"நல்ல சேதி சொல்றேன், விடுங்கறீங்களே! என்ன மனுஷர் நீங்க?" என்று கத்தினேன். அக்கா கத்தவில்லை. தட்டைப் போட்டு எதிரே உட்கார்ந்து, "நீங்க சாப்பிடற வரைக்கும் நானும் தொடமாட்டேன்" என்றாள். மூன்று நாளும் சாப்பிட்டார், தலையைக் குனிந்துகொண்டு.

நாலாம் நாள் காலை அதே நாற்காலி, அதே இரண்டு மணி நேரம். 118.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "விருந்து எங்கே அத்தான்?" என்றேன். அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு விரல்ல பாரு." பார்த்தேன். 121. அவர் முகம் இடிந்து போனது.

"எனக்கும் வந்திருந்தா, இது எங்க குடும்ப ரத்தத்துலயே இருக்கு, அண்ணன் கால் அதாலதான் போச்சுன்னு உங்களை மாதிரி நானும் நம்பியிருப்பேன்" என்றார். "இப்போ என்கிட்ட அந்த ஷூ மட்டும்தானே மிச்சம்?"

பாவி மனுஷர், ஒரு வருடமாக எதைச் சுமந்துகொண்டிருந்தார், நாங்கள் எதற்கு வைத்தியம் பார்த்தோம்! அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மெல்லத் தலையைத் தூக்கி மாடிப்படியைப் பார்த்தார்.

"கேட்டுச்சா?"

அன்றைக்கு முதல்முறையாக எனக்கும் கேட்டது. "இல்லை அத்தான்" என்றேன்.