நேசமலரின் அரை மந்திரம்

கொக்கிளாயில் கரைவலை இழுத்துக் காய்த்துப்போன கை நேசமலருடையது. ஊரை விட்டு இடம்பெயர்ந்த பிறகு அந்தக் கைக்கு வேறு வேலை கிடைத்தது. தொண்ணூற்றேழில், புதுக்குடியிருப்புக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டிலொன்றில் நடந்த பல் கிளினிக்கில் அவள் தலை பிடித்தாள். பல் பிடுங்க வந்தவனின் தலையைக் கக்கத்துக்குள் வைத்து இறுக்கினால், எந்தச் சண்டியனும் அசையமாட்டான்.

நோவு தெரியாமல் மரக்கவைக்கிற விறைப்பூசி மருந்து வவுனியா இராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்டி வருவது அபூர்வம். வந்த சொற்பத்தையும் டொக்டர் கொலின்ஸ் சிறுபிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவிடுவார். பெரியவர்களுக்கு நேசமலரின் கையும் வாயும்தான் மருந்து.

வாய் என்றது சும்மா இல்லை. கடற்கரைக் கத்தோலிக்கச் சனம் மாதாவின் செபமாலைக்குப் பழகினது. ஒருவர் முதற்பாதி சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைத் தொடங்குவார்கள். "அருள் நிறைந்த மந்திரம் ஒண்டு சொல்லுவன். ஆமென் சொன்னாப்பிறகுதான் டொக்டர் இழுப்பார்" என்று அவள் சத்தியம் பண்ணுவாள். முதற்பாதியைச் சொல்லி நிறுத்துவாள். கதிரையில் இருப்பவர் பழக்கத்தில் மறுபாதியை மனதுக்குள் எடுப்பார். அப்போது உடம்பு கொஞ்சம் இளகும். அந்த இடத்தில் டொக்டர் இழுத்துவிடுவார்.

பச்சைப் பொய்தான். ஆனால் பல் வெளியே வந்த பிறகு யார் வழக்குப் பேசுவது? "நேசமலர் அக்கா மந்திரம் சொன்னால் நோகாது" என்று அகதி முகாம்களில் கதை பரவியிருந்தது. அவளுக்கும் பெருமை தலைக்கேறியிருந்தது. கத்துகிறவர்களைக் கண்டால் இளக்காரம். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய பொன்னையா என்ற கிழவர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டு ஊசி கேட்டார். "பிள்ளை பெறுற நோவே இது? வாயைத் திறவுங்கோ" என்று சிரித்தாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். ஆவணியில் அவளுடைய கீழ்க் கடைவாய்ப்பல் வலியெடுத்தது. கராம்பு வைத்தாள், உப்புத்தண்ணீர் கொப்பளித்தாள், ஒன்றுக்கும் கேட்கவில்லை. தன் பொய்யைத் தானே நம்பமுடியாதவளுக்கு எந்த மந்திரம் உதவும்? கதிரையில் ஏறியவள், பல் பிடுங்குகிற குறட்டைக் கண்டதும் டொக்டரின் கையைத் தட்டிவிட்டாள்.

"ஊசி போடுங்கோ டொக்டர்."

"ஒண்டுதான் கிடக்குது நேசமலர். பின்னால பிள்ளை ஏதும் வந்தால்?"

"வந்தால் நான் பாத்துக்கொள்ளுறன். நான் இருக்கிறன்தானே."

அவர் போட்டார். பல் நோகாமல் வந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் அவளுக்கு அது சுகமாகத்தான் இருந்தது.

பஞ்சைக் கடித்துக்கொண்டு அவள் எழும்பவும், வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மீன் விற்கிற யூலிற்றா, பின்னால் ஒன்பது வயது மகள் நிறஞ்சனா. பிள்ளையின் கன்னம் கண்ணை மூடுமளவுக்கு வீங்கியிருந்தது. டொக்டர் பார்த்தார்.

"இண்டைக்கு எடுக்காட்டி நாளைக்கு வாய் திறக்காது. நான் இப்ப போனால் இனி அடுத்த கிழமைதான்."

மருந்துப் பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை. திறந்து பார்க்க என்ன இருந்தது? டொக்டர் நேசமலரைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

பிள்ளை தானாகவே கதிரையில் ஏறி இருந்தது. "அன்ரி, நீங்கள் மந்திரம் சொன்னால் நோகாதாமே?" என்றது.

நேசமலர் பஞ்சைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தாள். ஊசியில் விறைத்துப்போன பாதி நாக்கு அவள் சொல்லுக் கேட்கவில்லை. மாதாவின் பெயர் ஊமையின் முனகலாக வந்தது. எச்சிலும் இரத்தமும் வழிந்து பிள்ளையின் நெற்றியில் விழுந்தன. பிள்ளை மிரண்டு எழும்பப் பார்த்தது. இனி மிச்சம் கை மட்டும்தான். பிள்ளையின் தலையைக் கக்கத்துக்குள் வைத்து இறுக்கினாள்.

பல் ஒரே இழுவையில் வரவில்லை. முறிந்தது. வேரைத் தனியாகக் கிண்டவேண்டியிருந்தது. யூலிற்றா வெளியே ஓடிக் காதைப் பொத்திக்கொண்டாள். நேசமலர் அழுதாள். அந்த ஊசி யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வலை இழுத்த கை, கடைசிவரை தளரவில்லை.

எல்லாம் முடிந்து இறக்கிவிட்டபோது பிள்ளை தாயிடம் ஓடவில்லை. இரத்தப் பஞ்சைக் கடித்துக்கொண்டு நேசமலரையே பார்த்தது.

"நீங்கள் மந்திரம் சொல்லேல்லை."

நேசமலர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எச்சில்தான் வழிந்தது.