நான்கு கம்ப்யூட்டர், நான்கு புகை

குடிநீர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவளுக்கு ஓய்வு நேரமெல்லாம் அனிமேஷன்தான். மேடு ஏறப் பயப்படும் ரயில் எஞ்சினைப் பற்றி ஐம்பது நொடிப் படம் ஒன்றை இரண்டு வருடமாகச் செய்திருந்தாள். குழந்தைகள் படப் போட்டிக்கு அதை வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் அடுத்த போட்டி மூன்று வருடம் கழித்துத்தான்.

மொத்தம் ஆயிரத்து இருநூறு ஃபிரேம், அதாவது அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்கள். ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய, அதாவது நிறமும் நிழலும் சேர்த்து முடிக்க, அவள் கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். ஆகப் பத்து நாள். கையில் இருந்ததோ மூன்று நாளும் எட்டு மணி நேரமும். கணவன், நாத்தனார், மாமனார் மூவரின் கம்ப்யூட்டர்களையும் வியாழன் காலைவரை கெஞ்சிக் கூத்தாடி வாங்கினாள். அறைக்கு அறை ஒயர் இழுத்து நான்கையும் இணைத்தாள். எது சும்மா இருக்கிறதோ அது அடுத்த ஃபிரேமை எடுத்துக்கொள்ளும். திங்கள் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கியது.

செவ்வாய் காலையில், அதுவரை முடிந்த ஃபிரேம்களை ஓட்டிப் பார்த்தாள். எஞ்சின் ஒழுங்காக ஏறியது. புகை மட்டும் இடமும் வலமுமாகத் துள்ளியது.

"என்னம்மா, உன் எஞ்சினுக்கு விக்கலா?" என்றார் மாமனார்.

"இவ கம்ப்யூட்டராத்தான் இருக்கும். அதுல என்னென்ன கண்றாவிய ஏத்தி வச்சிருக்காளோ!" என்று தங்கையைக் காட்டினான் கணவன்.

"ஆமா, வீட்ல எது கெட்டாலும் என் தலையில போடு! அண்ணி, நீங்களே கேளுங்க."

அண்ணி புகை வரும் ஒரு ஃபிரேமை எடுத்து அதையே நான்கிடமும் தனித்தனியாகக் கொடுத்தாள். இருபது நிமிடத்தில் வந்த நான்கு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எஞ்சினும் மேடும் அச்சு அசல் ஒன்று. புகை நான்கு விதம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யார் மேலயும் தப்பில்ல. புகை எப்படிப் போகணும்னு நான் முடிவு பண்ணிக் குடுக்கவே இல்ல. நாலும் அதது இஷ்டத்துக்குக் காத்து அடிக்குதுன்னு நெனச்சுக்கிச்சு."

நாத்தனார் அண்ணனைப் பார்த்து நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினாள்.

புகையைத் தன் கம்ப்யூட்டரில் மட்டும் கணக்கிட்டு, நான்கும் பார்க்கும்படி பொது ஃபோல்டரில் வைக்க மூன்று மணி நேரம் ஆனது. புகை வரும் இருநூற்று நாற்பது ஃபிரேமையும் திரும்பப் போட வேண்டியிருந்தது. புதன் இரவு முடிய வேண்டிய வேலை வியாழன் மதியத்துக்குத் தள்ளிப்போனது.

வியாழன் காலையில் கணவனும் மாமனாரும் சரியென்ற பிறகு, தயங்கித் தயங்கி நாத்தனாரின் அறைக்குப் போனாள். "சொன்ன நேரத்துக்குத் தர முடியல..."

"மதியம்வரைக்கும் வச்சுக்கோங்க அண்ணி. ஆனா முழுப் படத்தை மொதல்ல பாக்குறது நான்தான்."

ஒன்று நாற்பதுக்குக் கடைசி ஃபிரேம் வந்தது. நாத்தனார் முன்வரிசையில் உட்கார, எல்லோரும் ஓட்டிப் பார்த்தார்கள். புகை ஒரே சீராகப் பின்னால் சாய்ந்தது. இரண்டு ஐம்பதுக்குப் படத்தை அனுப்பினாள். கிடைத்ததென்று மூன்று மணிக்குப் பதில் வந்தது.