சபேசன் என்னை வரையவில்லை

சபேசன் போய்விட்டார் என்று போனில் சொன்னார்கள். ரிசீவரை வைத்ததும் பக்கத்து மேஜைக்காரர், "யாரு, பஸ் கண்டக்டருக்கு இறக்கை போட்டாரே, அவரா?" என்று கேட்டார். ஆமாம், அவரேதான். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இதைப் படிக்கப்போகிற உங்களில் பாதிப் பேர் அவர் கையால் இறக்கையோ கொம்போ வாங்கியவர்கள்.

அவரை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பகலில் ரயில்வே ஆபீசில் பாலங்களின் வரைபடங்களை நகல் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில், நான் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைக்குப் படமும் பாட்டும் போடுவார். பத்திரிகை ஒரே பிரதிதான். வீடு வீடாகச் சுற்றிவிட்டு சாம்பார்க் கறையோடு என்னிடம் திரும்பும். அவருடைய பக்கத்தில் எழுத்து எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. 'ழ'வின் வால் நீண்டு கொடியாகும். கொடியில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். "பாட்டை மட்டும் தனியா அச்சுல போடலாமே?" என்று கேட்டேன். "தோலை உரிச்சுட்டு ஆளைப் பாக்கணுமா ஓய்?" என்றார். அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தாராவியில் தோல் பதனிடும் சுடலைமுத்துவை ஆறு கைகளோடு வரைந்தார். கீழே மூன்று வரி:

*இரண்டு கை சோற்றுக்கு, இரண்டு கை பிள்ளைக்கு,*
*மீதி இரண்டு கையால்*
*வானத்தை உதறிக் காயப்போடுகிறான்.*

சுடலைமுத்து நேரே வந்துவிட்டார். "ஏன்வே, என்னைய எதுக்கு இப்பிடிப் போட்டிருக்கீரு? ஊர்க்காரன் பாத்தா சிரிக்க மாட்டானா?" சபேசன் அசரவில்லை. "நீங்க வேலை செய்யறச்சே அப்படித்தான் தெரிஞ்சுது." சுடலைமுத்து கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொடுக்கச் சொல்லி வாங்கிப்போய்ச் சட்டம் போட்டு மாட்டினார். என் பத்திரிகையில் ஒரு தாள் போயிற்று.

நான் சந்தேகப் பிராணி. மாலையில் கிங்ஸ் சர்க்கிள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, "நிஜமாவே தெரியறதா, இல்லை கதை விடறீரா?" என்று நச்சரிப்பேன். ஒருநாள், வாழைக்காய்க்குப் பேரம் பேசிய ஒரு மாமியைக் காட்டி, "அவ தலைக்கு மேலே பாரும், ஒரே வெளிச்சமா ஒரு காடு" என்றார். பார்த்தேன். டிராம் கம்பியும் ஒரு காக்காயும் தெரிந்தன. "கற்பனையெல்லாம் இல்லை ஓய். எல்லாரும் அவசரமாப் பாக்கறா. நான் கொஞ்சம் நின்னு பாக்கறேன்."

"அப்போ என்னை நின்னு பாருமே! என்ன தெரியறது?"

சிரித்துவிட்டு, "அது கிடக்கட்டும் ராமநாதன், காப்பி சாப்பிடலாம் வாரும்" என்றார். எத்தனை முறை கேட்டாலும் இதே பதில். இஸ்திரிக்காரனுக்குத் தாமரைக் கால்கள் கிடைத்தன. என் வீட்டுக்காரிக்குப் பின்னலிலிருந்து ஓர் ஆறு கிடைத்தது. எனக்கு ஒரு கோடுகூட இல்லை! எரிச்சலாக இருந்தது. போகப்போக பயமும் வந்தது. சொல்லக்கூடாத எதையோ என்னிடம் பார்த்துவிட்டாரா? அதைச் சொல்லாமலே அவர் போய்விட்டதுதான், சாவுச் செய்தியைவிட என்னை அதிகமாக உறுத்தியது.

காரியங்கள் முடிந்தபின் செம்பூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, நான் மன்னி என்று கூப்பிடுபவர், சாயக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். சபேசனுக்கு வண்ணம் குழைத்துக் கொடுத்ததெல்லாம் அவர்தான்.

"மன்னி, கேட்கறேனேன்னு நினைக்காதீங்கோ. என்கிட்ட அவர் என்னதான் பார்த்தார்?"

"ஒண்ணும் பாக்கலையே."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. மன்னி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அவருக்கு யாரைப் பாத்தாலும் ஏதாவது தெரிஞ்சுண்டே இருக்கும். ரயில்ல, ஆபீஸ்ல, என்னைப் பாத்தாக்கூட. கண்ணை மூடினாலும் விடாது, மண்டையைப் பிளக்கறதும்பார். ஆபீஸ் விட்டு நேரே ஆத்துக்கு வாங்கோளேன், கிங்ஸ் சர்க்கிள்ல எதுக்கு தினம் இறங்கறேள்னு கேட்டேன். 'ராமநாதன் பக்கத்துல உக்காந்தா ராமநாதன் மட்டும்தான் தெரியறார். அப்பாடான்னு இருக்கு'ன்னார்."

அங்கேயே, மன்னி முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன்.

உங்கள் வீட்டுச் சுவர்களில் அவருடைய படங்கள் இருக்கின்றன. ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்னை வரைந்த படம் மட்டும் எங்கும் இல்லை. அத்தனை பேரிடம் அத்தனையும் கண்டு களைத்த கண்ணுக்கு என் வெறும் முகம் போதுமாக இருந்தது. நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.