எஸ்தரின் ஆவாரம்பூவும் எங்கள் கேமராவும்

திரை முழுக்கச் சிவப்பு. தென்காசியில் மூலிகைத் தேநீர் சோதிக்கும் லேபில் வேலை பார்த்த காலத்தில் அப்படியொரு சிவப்பை அதுவரை நான் பார்த்ததில்லை.

எங்களிடம் இருந்தது ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா. பெயர்தான் வாயில் நுழையாது, வேலை எளிது. கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் சேர்த்துப் படம் எடுக்கும். காய்ந்த பூவை ட்ரேயில் பரப்பி வைத்தால், அசல் ஆவாரம்பூ திரையில் பச்சையாகத் தெரியும். வேறு எது கலந்திருந்தாலும் சிவப்பு. அப்படித்தான் அதைப் பழக்கியிருந்தோம்.

அன்று ட்ரேயில் இருந்தது எஸ்தரின் பூ. குற்றாலத்தில் அவளுக்கு மூலிகைக் கடை. சீசன் முடிந்தால் அருவிக்கும் ஆள் வராது, கடைக்கும் வராது. அவளோடு பூ உலர்த்தும் நான்கு பெண்களும் வீட்டில்தான் இருக்க வேண்டும். முதல்முறையாக ஒரு கேரளக் கம்பெனி வருஷம் முழுக்க வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. கலப்படம் இல்லை என்று எங்கள் ரிப்போர்ட் வர வேண்டும், அதுதான் நிபந்தனை.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஃபெயில்னு போட்டு அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார். எங்கள் லேபில் ஒருவரும் மூலிகைத் தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆவாரம்பூ மாதிரியே இருக்கும் கொன்றைப்பூவைக் கலந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சிவக்கும். இதில் ஒரு பூ பாக்கியில்லாமல் சிவந்திருந்தது. ஒன்றை எடுத்து இதழைப் பிரித்து மறுபடி வைத்தேன். திரையில் உள்பக்கம் பச்சை. விரலில் ஏதோ ஒட்டியிருந்தது, முகர்ந்து பார்த்தேன். சமையல் மஞ்சள்தூள்.

போன் போட்டேன். எஸ்தர் கூசாமல் சொன்னாள்: "நீங்கதானக்கா போட்டோ எடுக்கணும், ஒரு பாக்கெட் குடுத்து விடுன்னிய. பூவு வெயில்ல கறுத்துக் கெடக்கு, அப்படியே எப்படி அனுப்ப? பிள்ளையளப் போட்டோ எடுக்கும்போது பவுடர் போடுதோம்லா."

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நன்றாகத் திட்டினேன். விஷயம் புரிந்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. இந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு பூ எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சினாள். முடியாது என்றேன். வந்த சாம்பிளில் மஞ்சள் இருந்தது, இருந்தது என்றுதான் எழுத வேண்டும். ஒரு ரிப்போர்ட்டைக் கிழிக்கிற லேப் கொடுக்கும் இன்னொன்றை யார் நம்புவார்கள்?

கம்பெனியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மறுநாள் நானே குற்றாலம் போய், மூட்டைகளின் அடியிலிருந்து பூ அள்ளி வந்தேன். கறுத்து, சுருங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. எஸ்தரும் கூடவே வந்து கேமரா பக்கத்தில் நின்றாள். ஓரத்தில் ஏதோ காம்புத் துணுக்கு தவிர, திரை மொத்தமும் பச்சை. அவள் திரையையும் ட்ரேயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்த மூஞ்சிக்கா பாஸு?" என்றாள்.

இரண்டு ரிப்போர்ட்டும் கம்பெனிக்குப் போயின, நடந்ததையும் ஒளிக்காமல் எழுதினேன். பல நாள் பதில் இல்லை. எஸ்தரின் போனை எடுக்கவே பயந்தேன். கடைசியில் அங்கிருந்து பர்ச்சேஸ் ஆபீஸர் கூப்பிட்டார். ஃபெயிலான ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பிய லேபை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். ஆர்டர் உறுதி, மஞ்சள் மட்டும் வேண்டாம் என்றார்.

உடனே போன் போட்டு எஸ்தரிடம் சொன்னேன். அழுகிறாள் என்று தெரிந்தது. நானும் கொஞ்சம் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களே, மெஷினை ஓட்டச் சீக்கிரம் பழகிவிடுவீர்கள். அது எதைப் பார்க்கிறது என்பதைப் பூ கொண்டுவருகிறவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நல்ல பூ வைத்திருப்பவர்தான், பார்க்க அழகாக இல்லையே என்று அதிகம் பயப்படுகிறார்.